பிளம்பர் பின்னிய இரண்டாவது சாக்ஸ்

பிளம்பரின் வலது கையைக் கிழித்தது ஒரு வாஷ்பேசின். நாயோ பாம்போ கடித்திருந்தால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளவாவது செய்யலாம். இதை என்னவென்று சொல்வது? சுவரிலிருந்து கழற்றி இறக்கும்போது பேசின் இரண்டாகப் பிளந்து, பீங்கான் விளிம்பு உள்ளங்கையில் ஆழமாக இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் அறுந்த நரம்பைச் சேர்த்துத் தைத்து அனுப்பினார்கள். கட்டுப் பிரித்ததும் விரல்கள் மடங்கின, நீண்டன. பார்க்கிறவர்களுக்கு அது முழுசான கைதான். ஆனால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் உணர்ச்சி என்பது பேருக்குக்கூட இல்லை. வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் அவற்றுக்கு ஒன்றாகவே இருந்தன.

வேறு தொழிலாக இருந்தால் எப்படியோ ஒப்பேற்றியிருக்கலாம். பிளம்பர் வேலை கண்ணால் செய்கிற வேலை இல்லை. பேசினுக்குப் பின்னால், குழாய்க்கும் சுவருக்கும் நடுவே, தலை நுழையாத இடத்துக்குக் கை மட்டும் போகும். அங்கே நட்டை மரையில் வைத்து லேசாகத் திருப்பும்போது அது நேராக ஏறுகிறதா, கோணலாக ஏறுகிறதா என்று விரல்நுனிதான் சொல்ல வேண்டும். முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே பிளம்பர் அதைச் செய்துவந்தார். அந்த மூன்று விரல்களும் திரும்பி வராவிட்டால் அவர் பிளம்பர் இல்லை. இது அவருக்கு நன்றாகவே தெரியும். வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டார்.

அதனால் யார் கேட்டாலும் "கை நல்லா இருக்கு" என்றார். மனைவி கேட்டபோதும் அதையே சொன்னார். பிசியோதெரபி டாக்டர் அவரைக் கண்ணை மூடச்சொல்லி, பஞ்சால் விரலை வருடி, "தெரியுதா?" என்று கேட்டபோது, இமைக்கு அடியில் ஒரு கீற்றுத் திறந்து பார்த்துவிட்டு, "தெரியுது" என்றார். டாக்டர் சின்ன வயசுக்காரர். பெரிய மனுஷர் பொய் சொல்லமாட்டார் என்று நம்புகிற வயசு.

இதற்கிடையே அவருக்குப் பதிலாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. முப்பத்தைந்து வயசு. மீசையில் குறையில்லை, பேச்சில் குறையில்லை, வேலையில்தான் கொஞ்சம் அப்படி இப்படி. அவன் மாற்றிய குழாய் எதுவும் முழுசாக நின்றதாகச் சரித்திரம் இல்லை. ஒரு சொட்டாவது விழும். அதனால் பிளம்பர் அவனுக்குச் சொட்டு என்று பேர் வைத்திருந்தார். பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவனும் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை, போனை எடுத்தால் "ஹலோ, சொட்டு பேசறேன்" என்றே ஆரம்பித்தான். இப்போது அந்தச் சொட்டின் தோளில் பிளம்பரின் கருவிப் பை தொங்கியது. சாயங்காலமானால் யோசனை கேட்கிற சாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டு, "பிளம்பர் வந்துட்டாருன்னு கதவைத் திறக்கறாங்க மாமா, என்னைப் பார்த்து. எனக்கே ஒரு மாதிரியா இருக்கு" என்பான். அவனுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பிளம்பருக்கு வயிறு எரிந்தது.

பிசியோ டாக்டர் முதலில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். அப்புறம் துணி மாட்டுகிற கிளிப்புகளைக் கொடுத்து, ஒரு கம்பியில் மாட்டி மாட்டி எடுக்கச் சொன்னார்.

"இதெல்லாம் பச்சைக் குழந்தைக்குக் குடுக்கற விளையாட்டு டாக்டர். ஏதாவது வேலையா குடுங்க" என்றார் பிளம்பர்.

டாக்டர் அலமாரியைத் திறந்து, யாரோ தானமாகக் கொடுத்துவிட்டுப் போன ஒரு கூடையை எடுத்து வைத்தார். உள்ளே கம்பளி நூல்கண்டுகள், பின்னல் ஊசிகள், படம் போட்ட ஒரு மெல்லிய புத்தகம்.

"பின்னுங்க. விரலுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. ஆனா ஒரு கண்டிஷன். கையைப் பார்க்காம பின்னணும். கண்ணு பார்த்துக்கிட்டே இருந்தா விரலுக்கு வேலை இல்லாம போயிடும். மப்ளர்ல ஆரம்பிங்க, சுலபம்."

பிளம்பர் புத்தகத்தைப் புரட்டினார். மப்ளர் படத்தை ஏற இறங்கப் பார்த்தார். "இது தட்டையா இருக்கே. தகரம் அடிக்கறவன்கிட்ட குடுங்க" என்று பக்கத்தைத் தள்ளினார். குல்லா, கையுறை எல்லாம் தாண்டி ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"இதோ. இது குழாய்."

"அது சாக்ஸ்."

"குழாய்தான் டாக்டர். மேல திறப்பு, நடுவுல எல்போ வளைவு, கடைசியில மூடி. இதை நான் பண்றேன்."

முதல் தடவைக்கு சாக்ஸ் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிப்பார்த்தார். அவருக்கும் பின்னத் தெரியாது, அதனால் அதற்குமேல் வாதாட முடியவில்லை.

யாருக்கு சாக்ஸ் என்ற கேள்வி எழவே இல்லை. கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது மனைவியின் கால்தான். அவள் ஒரு பெரிய லாண்டரியில் துணி பிரிக்கிற வேலை பார்த்தாள். நாள் முழுக்க ஈரத்தரையில் நின்று, ஊரார் சாக்ஸை ஜோடி சேர்க்கிறவள். சாக்ஸ் விஷயத்தில் யாரும் அவளிடம் வாலாட்ட முடியாது. குழாய் அளக்கிற கருவியை எடுத்துக்கொண்டு வந்து பிளம்பர் கணுக்காலை அளந்தபோது, அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"எனக்கா? நான் கேட்டேனா?"

"கேக்காமலே செய்யறேன், சந்தோஷப்படு."

வித்தை கற்றது போன் வீடியோவில். முகம் காட்டாத ஒரு பெண்மணி, அவருக்குப் புரியாத ஏதோ பாஷையில் ஓயாமல் பேசிக்கொண்டே பின்னினாள். பாஷை தெரிந்து ஆவதொன்றுமில்லை, கைகள் போதும். நாலு குட்டி ஊசிகளில் நூல் கண்ணிகளை வளையமாக ஏற்றிக்கொண்டு, ஐந்தாவது ஊசியால் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நூலை இழுத்துப் புதுக் கண்ணி எடுக்க வேண்டும். எல்லா ஊசிக்கும் இரண்டு பக்கமும் கூர். "பிடிக்கிற பக்கம் எதுன்னு செஞ்சவனுக்கே தெரியல போலிருக்கு" என்று பிளம்பர் அலுத்துக்கொண்டார். முதல் முயற்சியில் வளையம் முறுக்கிக்கொண்டு, உள்ளும் புறமும் ஒன்றாகிப் போனது. "மரை மாறி ஏறிடுச்சு" என்று அவிழ்த்தார். இரண்டாவது முயற்சியில் சாக்ஸ் உள்பக்கம் வெளியாக வளர்ந்தது. கைவிரல் நீளத்துக்கு வந்த பிறகுதான் கண்டுபிடித்தார். அதையும் அவிழ்த்தார்.

மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. எப்படிப் பிடித்துக்கொண்டது என்றால், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து, ஊசி முனைக்கும் மூக்கு நுனிக்கும் இடையே ஒரு விரல் கூட இடைவெளி இல்லாமல் பார்த்துப் பார்த்துப் பின்னினார். வலது கை வெறும் தாங்கி. ஊசியை அதில் செருகி வைத்துக்கொண்டு, எல்லா வேலையையும் இடது கையும் கண்ணும் பார்த்துக்கொண்டன. டாக்டர் போட்ட கண்டிஷனை அவர் மறந்துவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டு மீறினார்.

இன்னொரு விஷயம், அவருக்கு ஒழுகல் ஆகாது. இரண்டு கண்ணிகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் அவருக்கு உடம்பு பதறும். ஒவ்வொரு கண்ணியையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். குதிகால் வந்தபோது எல்போ மாதிரியே கச்சிதமாகத் திருப்பினார். முடிந்த சாக்ஸை மேஜை மேல் வைத்தார். யார் துணையும் இல்லாமல் அது நின்றது.

மனைவியின் காலில் அதை ஏற்றுவதற்கு அவளும் வேண்டியிருந்தாள், அவரும் வேண்டியிருந்தார், கடைசியில் சொட்டும் ஒரு கை கொடுத்தான். ஒருவழியாக உள்ளே போன காலை அவள் ஆட்டிப்பார்த்தாள். ஆடவில்லை.

"ஒரு சொட்டு கசியாது" என்றார் பிளம்பர், பெருமை தாங்காமல்.

"நான் என்ன கால்ல தண்ணியா ரொப்பி வெச்சிருக்கேன்?"

மறுநாள் சாக்ஸ் கிளினிக்குக்குப் போனது. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பார்க்காமலேயா பின்னினீங்க?" என்றார். "பார்க்காமலேதான்" என்றார் பிளம்பர், கண் இமைக்காமல். டாக்டருக்கு வாயெல்லாம் பல். சின்னச் சின்ன வேலையாக இருந்தால் போய்ப் பாருங்கள் என்று அனுமதி கொடுத்துவிட்டார். பிளம்பர் நேராகச் சொட்டின் வீட்டுக்குப் போய், பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"கை நல்லா ஆயிடுச்சா?" என்றாள் மனைவி.

"நல்லா ஆயிடுச்சு."

"நிஜமா?"

"அட, டாக்டரே சொல்லிட்டாங்க."

அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பிளம்பர் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் வேலை ஒரு சலூனில். தலை அலசுகிற பேசினுக்குப் பின்னால் பழைய குழாயைக் கழற்றிப் புதுசு மாட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. துணைக்குச் சொட்டும் வந்திருந்தான். சலூன்காரர் பக்கத்து நாற்காலியில் ஒருவருக்கு முகம் முழுக்க நுரை பூசிக்கொண்டிருந்தார். பிளம்பர் தரையில் ஒருக்களித்துப் படுத்து, கையைப் பேசினுக்குப் பின்னால் விட்டார். நட்டை மரையில் வைத்தார். திருப்பினார்.

விரலிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை. நட்டு அங்கே இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. எத்தனையோ வருஷமாகக் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்த விரல்கள், ஆளில்லாத வீடு மாதிரி சும்மா இருந்தன. பிளம்பருக்கு வியர்த்தது. எழுந்து, "என்னால ஆகலை" என்று சொல்லியிருக்கலாம். ஸ்பானரைப் போட்டுக் கண்டபடி இறுக்கினார். கோணலாக ஏறிய நட்டு மரையைச் சீவிக்கொண்டு போய் உட்கார்ந்தது. தண்ணீரைத் திறந்ததும் குழாய் தனியாகக் கழன்று பறந்தது.

நுரை பூசியிருந்தவருக்கு இலவசமாக முகம் கழுவியாகிவிட்டது. கண்ணாடி, சீப்பு, காலண்டர் எல்லாம் குளித்தன. சொட்டு ஓடிப்போய் மெயின் வால்வை மூடினான். திரும்பி வந்தவன், சலூன்காரர் வாயைத் திறப்பதற்குள், "என் தப்புங்க. நான் சரியாப் புடிச்சுக்கல" என்றான்.

"சொட்டுன்னு பேரை வெச்சுக்கிட்டு அருவியையே கொண்டாந்துட்டியேப்பா!" என்று சலூன்காரர் கத்தினார். இன்னும் என்னென்னவோ கத்தினார். சொட்டு தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். பிளம்பர் பக்கத்திலேயே நின்றார். நான்தான் செய்தேன் என்று அவர் சொல்லவில்லை. வாழ்க்கையில் அவர் கூனிக்குறுகிப் போனது அங்கேதான், அந்த ஈரத்தரையில்.

திரும்பி வரும் வழியில் சொட்டு பையைத் தானே தூக்கிக்கொண்டான். ரொம்ப தூரம் பேசாமல் வந்தான். அவனுக்கு அது பெரிய காரியம்.

"மாமா, விரல்ல ஒண்ணுமே தெரியலையா?"

"தெரியலடா."

"எப்பலேருந்து?"

"அடிபட்ட நாள்லேருந்தே தெரியல."

"அக்காகிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லிடுங்க."

சொன்னார். மனைவி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

"நல்லா இருக்குன்னு ஊருக்குச் சொன்னீங்க, சரி. டாக்டருக்குச் சொன்னீங்க, அதுவும் சரி. என்கிட்டயுமா? தினம் நானும் கேட்டேனே. பக்கத்துல உட்கார்ந்து கேட்டேனே."

"உனக்கு எதுக்கு வீணா பயம்னு..."

"அது உங்க பயம். எனக்கு எதுக்கு அதைப் போர்த்தறீங்க? இனிமே கை நல்லா இருக்குன்னு நீங்க சொன்னா நான் நம்பமாட்டேன். தலைகீழா நின்னாலும் நம்பமாட்டேன்."

டாக்டரிடமும் போய்ச் சொன்னார்கள். டாக்டர் கோபப்படவில்லை, முகம்தான் சுருங்கிப்போனது. தைத்த நரம்பு மெதுவாகத்தான் வளரும், சிலருக்கு உணர்ச்சி திரும்பும், சிலருக்குத் திரும்பாது, என்னால் சத்தியம் பண்ண முடியாது என்றார். "இன்னொரு சாக்ஸ் பாக்கி இருக்கில்ல? அதைப் பார்க்காம பின்னுங்க. இந்தத் தடவை நிஜமாவே."

பார்க்காமல் இருப்பார் என்று அவரை நம்ப யாரும் தயாராக இல்லை. மனைவி ஒரு தலையணை உறையை எடுத்து, இரண்டு பக்கமும் கை நுழைய ஓட்டை வெட்டி, வாயில் பட்டன் வைத்துத் தைத்தாள். ஊசியும் நூலும் உள்ளே, கைகளும் உள்ளே, முகம் வெளியே. பிளம்பர் அதை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். உறை உள்ளுக்குள் நெளிந்து நெளிந்து அடங்கியது.

"முயல் ஏதாவது புடிச்சு வெச்சிருக்கீங்களா மாமா?" என்றான் சொட்டு.

முதல் சாக்ஸில் செய்த தப்பை எல்லாம் செய்து முடித்து, புதுசாகவும் பல தப்புகள் செய்தார். தினமும் மனைவி வேலையிலிருந்து வந்து பட்டனைக் கழற்றிப் பார்ப்பாள். உள்ளே கண்ணிகள் ஊசியிலிருந்து நழுவி, அங்கங்கே ஏணி மாதிரி அவிழ்ந்து தொங்கும். நழுவினதே அவருக்குத் தெரிந்திருக்காது. அவள் எடுத்துக் காட்டுவாள். அவர் அவிழ்த்துவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பார்.

"ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல."

இந்தப் பதிலைச் சொல்ல ஆரம்பத்தில் அவருக்கு நாக்கு வரவில்லை. அப்புறம் பழகிவிட்டது. தெரியலை என்பதைத் தினமும் ஒருத்தியிடம் சொல்ல முடிவதில் ஒரு ஆறுதல் இருந்தது. ஆனால் விரல் வராமலே போய்விடுமோ என்ற பயம் மட்டும் ஆறவில்லை. பையைச் சொட்டிடமே கொடுத்திருந்தார். அவன் வேலை முன்னைக்கு இப்போது பரவாயில்லை என்று ஊரில் பேச்சு. அதைக் கேட்டு வயிறு எரியக்கூட அவருக்குத் தெம்பில்லை.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம், மனைவி துவைத்த துணிகளைத் தரையில் குவித்து வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். சொட்டு சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்து, யார் வீட்டிலோ மாட்டிய கீசரைப் பற்றி முடிவில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தான். பிளம்பரின் மடியில் உறை நெளிந்துகொண்டிருந்தது. சட்டென்று நின்றது.

"விட்டுப்போச்சு" என்றார்.

"என்ன மாமா?"

"கண்ணி. ஊசியிலேருந்து ஒரு கண்ணி நழுவிடுச்சு."

"ஐயோ. சரி விடுங்க மாமா, மனசு கஷ்டப்படாதீங்க. எடுத்து மாட்டிக்கலாம்."

"தொடாதே! கிட்ட வராதே!" என்று பிளம்பர் கத்தினார். "எனக்குத் தெரிஞ்சுதுடா. அது நழுவினது விரல்ல தெரிஞ்சுது."

மனைவி தலையைத் தூக்கவில்லை. ஒரு போர்வையை நாலாக மடித்து, தட்டி வைத்தாள்.

"சரி" என்றாள்.

"நிஜமா சொல்றேன்."

"சரின்னுதானே சொன்னேன். முன்னாடியும் நிஜமாத்தானே சொன்னீங்க?"

எப்போதோ சொன்ன பொய்யெல்லாம் வந்து, இப்போது சொல்கிற ஒரே உண்மைக்கு முன்னால் வழிமறித்து நின்றன. அவள் எழுந்து வந்து பட்டனைக் கழற்றி எட்டிப் பார்த்தாள். ஒரு கண்ணி நழுவியிருந்தது.

"தினமும்தான் விடுது. குத்துமதிப்பா சொன்னாலே சரியாப் போகும்."

"அப்ப நீயே சோதிச்சுப் பாரு."

அவள் சாக்ஸை ஊசிகளோடு வெளியே எடுத்தாள். "சுவரைப் பாருங்க. திரும்பினீங்கன்னா அத்தோட சரி" என்று சொல்லி, நழுவிய கண்ணியை மாட்டிவிட்டு, நகத்தால் வேறு ஒன்றைத் தள்ளிவிட்டாள். உறைக்குள் வைத்து அவர் கைகளில் கொடுத்தாள்.

பிளம்பரின் ஆள்காட்டி விரல் ஊசி மேல் ஊர்ந்தது. ஒவ்வொரு கண்ணியாக மோதி, தாண்டி, மோதி, தாண்டிப் போயிற்று. முழுசாகத் தெரிந்தது என்று சொல்லிவிட முடியாது. தடிமனான துணிக்கு அப்பால் யாரோ தொடுகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் யாரோ தொட்டார்கள். ஓரிடத்தில் மோத வேண்டியது மோதவில்லை.

"இங்க."

அவள் உறையைத் திறந்து பார்த்தாள். சரிதான். சாக்ஸை எடுத்து, வேறு ஊசியில் வேறு கண்ணியைத் தள்ளிவிட்டுக் கொடுத்தாள்.

"இங்க."

அதுவும் சரி. சொட்டு வாயைத் திறந்தான். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். மூன்றாம் முறையும் அவள் சாக்ஸை வெளியே எடுத்தாள். எந்தக் கண்ணியையும் தள்ளவில்லை. எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் மாட்டி, அப்படியே உள்ளே வைத்துக் கொடுத்தாள்.

விரல் வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. நின்றது. இன்னொரு சுற்றுப் போயிற்று. பிளம்பரின் பிடரியில் வியர்வை இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது ஓரிடத்தைக் காட்டிவிட்டால் போதும், பழைய ஆள்தான் என்று தெரிந்துவிடும்.

"எங்க? சொல்லுங்க."

"இதுல..." என்று அவர் இழுத்தார். இன்னொரு முறை விரலை ஓட்டினார். "இதுல ஒண்ணும் விடலையே. எல்லாம் இருக்கு. நீ சும்மா குடுத்திருக்கே."

சொட்டு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன, தப்பா? திரும்பட்டுமா?"

"திரும்பாதீங்க" என்றாள். மடித்து வைத்த துணிகளிலிருந்து கைக்கு வந்ததை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது பத்தவில்லை, இன்னொன்றை எடுத்தாள். பிறகு சாக்ஸை வாங்கி, ஒரு கண்ணியைத் தள்ளிவிட்டாள். அது சரசரவென்று அடிவரைக்கும் அவிழ்ந்துகொண்டு போனதை அவள் தடுக்கவில்லை, அப்படியே உறைக்குள் வைத்துக் கொடுத்தாள்.

"இப்ப இது எங்கன்னு சொல்லுங்க, பார்ப்போம்."